28 ஆண்டுப் பயிரும் நிலைகொள்ளாத சட்டமும்

காடு வளர்க்கும் நிறுவனம் ஒன்று பருவநிலைக் கொள்கையோடு எப்படிப் பழகுகிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பயனில்லை. அதில் பச்சைப் படங்கள் இருக்கும், நல்ல வார்த்தைகள் இருக்கும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியவை வேறு: நில வரைபடக் கோப்பு, கார்பன் கணக்கு, நாடாளுமன்றக் குழுவுக்கு நிறுவனம் எழுதி அனுப்பும் மனு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் உண்மையான உறவு தெரியும். அதைப் பார்க்க நியூசிலாந்து நல்ல இடம்.

அங்கே நட்டு வளர்த்த காடு 17 லட்சம் ஹெக்டேருக்கு மேல். பத்தில் ஒன்பது பங்கு ரேடியாட்டா பைன். நட்டதிலிருந்து ஏறத்தாழ 28 ஆண்டில் வெட்டுவார்கள். இந்தப் பயிரை 2008 ஜனவரி 1 முதல் உமிழ்வு வணிகத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். எல்லாத் துறைகளுக்கும் முன்னால் உள்ளே போனது காடுதான். மரம் வளர்ந்து ஒரு டன் கார்பன் டை ஆக்சைடை இழுத்தால் ஓர் அலகு வரவு. வெட்டினால் பற்று. அலகைச் சந்தையில் விற்கலாம். பெட்ரோல், நிலக்கரி, மின்சாரம் விற்பவர்கள் வாங்குவார்கள். கேட்க எளிது. சிக்கல் முழுவதும் காலத்தில் இருக்கிறது. பயிருக்கு 28 ஆண்டு வேண்டும். சட்டமோ 2008, 2009, 2012, 2020, 2025 என்று திருத்தப்பட்டுக்கொண்டே வருகிறது. இன்று நடும் கன்று எந்தச் சட்டத்தின் கீழ் வெட்டப்படும் என்று நடுகிறவருக்குத் தெரியாது. நிறுவனத்தின் கொள்கை வேலை என்பது பெரும்பாலும் இந்தக் கால இடைவெளியைச் சமாளிப்பதுதான்.

எல்லாம் ஒரு தேதியில் தொடங்குகிறது: 1989 டிசம்பர் 31. அன்று அந்த நிலத்தில் காடு இருந்ததா? இருந்து, அது பைன் போன்று வெளிநாட்டிலிருந்து வந்த அயல் மரக் காடாகவே 2007 முடிவிலும் தொடர்ந்தால் அது 'தொண்ணூறுக்கு முந்தைய' காடு. அதை வெட்டி மறுபடி நட்டால் ஒரு கேள்வியும் இல்லை. வெட்டிவிட்டு மாட்டுப் பண்ணையாக்கினால், ஐந்தாண்டுக் காலத்தில் 2 ஹெக்டேரைத் தாண்டும்போது, அந்தக் காட்டின் கார்பன் முழுவதற்கும் அலகு ஒப்படைக்க வேண்டும். வடக்குத் தீவின் நடுப்பகுதியில் பைன் காடுகளை அழித்துப் பால் பண்ணையாக்கும் வேலை அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது; அதற்குப் போட்ட கடிவாளம் இது. நிலத்தின் மதிப்பு ஒரே சட்டப் பிரிவால் சரிந்தது என்று உரிமையாளர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்தவை இலவச அலகுகள்: பெரும்பாலோருக்கு ஹெக்டேருக்கு 60, 2002 நவம்பர் 1க்குப் பிறகு நிலத்தை வாங்கியவர்களுக்கு 39, பறித்த நிலத்துக்கு ஈடு செய்யும் ஒப்பந்தத் தீர்வில் அரசிடமிருந்து பூர்வகுடி மாவோரி இனக்குழுக்களுக்குக் கைமாறிய காட்டு நிலத்துக்கு 18. இந்தக் கடைசி எண் இன்றும் கசக்கிறது. நூற்றாண்டுக் காலம் பறிபோயிருந்த நிலத்தைத் திருப்பித் தந்த கையோடு, அதை வேறெதற்கும் பயன்படுத்த விலை வைத்து, ஈட்டையும் மற்றவர்களைவிடக் குறைத்துக் கொடுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். மறுத்துச் சொல்ல வலுவான பதில் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

1989க்குப் பின் காடான நிலம் வேறு கதை. அதில் சேருவது விருப்பம். சேர்ந்தால்தான் வரவு. சேரும் தகுதிக்கு நான்கு அளவுகோல்: குறைந்தது 1 ஹெக்டேர் பரப்பு, சராசரி அகலம் 30 மீட்டர், அந்த இடத்தில் 5 மீட்டர் உயரம் எட்டக்கூடிய மர வகை, ஹெக்டேருக்கு 30 சதவீதத்துக்கு மேல் கிளை விரிப்பு. ஓடையோரமாக நட்ட ஒற்றை வரிசை மரங்கள் இதில் தேறாது, அகலம் போதாது. முதல் தகராறு எப்போதும் பழைய வான்படத்தில்தான் வரும். 1990ஐ ஒட்டி எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு சரிவு கருமையாகத் தெரிகிறது. அது புதரா, இளங்காடா? மானுகா, கானுகா போன்ற செடிகள் மேய்ச்சல் நிலத்தில் தாமாக முளைத்து ஏறும். அவை அந்த இடத்தில் 5 மீட்டர் வளரக்கூடியவை என்றால் அன்றே அது காடு. அதன்மேல் பிறகு பைன் நட்டிருந்தால் அந்தத் துண்டுக்கு வரவு கிடையாது. நிறுவனம் நிலத்தை வாங்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இந்தப் படங்களைத் துண்டு துண்டாக ஒப்பிடுவது. விலை பேசி முடித்தபின் செய்தால் யாருக்கும் உதவாது.

இரண்டாவது தகராறு ஒப்பந்தத்தில். மண் ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது என்பது அந்நாட்டில் சாதாரணம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி 'வன உரிமை' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படியானால் அலகு யாருக்கு? வெட்டும்போது ஒப்படைக்கும் கடன் யாருக்கு? திட்டத்தில் பதிவு செய்தவர் நில உரிமையாளராகவும் இருக்கலாம், வன உரிமை வைத்திருப்பவராகவும் இருக்கலாம், குத்தகைதாரராகவும் இருக்கலாம். கடன் அந்தப் பங்கேற்போடு ஒட்டிக்கொண்டு போகும். நிலம் கைமாறினால் வாங்கியவர் தலையில் விழும். கைமாறியதை 20 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். 1990களில் எழுதிய ஒப்பந்தங்களில் கார்பன் என்ற சொல்லே இருக்காது. வரவு வந்த ஆண்டுகளில் சிரித்துப் பங்கு போட்டவர்கள், வன உரிமை முடியும் ஆண்டில் மறுநடவுச் செலவும் பற்றும் யாருடையது என்று வக்கீலிடம் போய் நின்றார்கள்.

அளப்பது எப்படி? பதிவான பரப்பு 100 ஹெக்டேருக்குக் கீழே இருந்தால் அமைச்சகத்தின் அட்டவணை போதும்: மர வகை, வயது, ரேடியாட்டாவானால் வட்டாரம். அட்டவணையில் விரல் வைத்து எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 100 ஹெக்டேரும் அதற்கு மேலும் என்றால் களத்தில் இறங்கி அளக்க வேண்டும். மாதிரித் துண்டு எங்கே அமைய வேண்டும் என்பதை நிறுவனம் தேர்ந்தெடுக்க முடியாது. இடங்களை அமைச்சகம் ஒதுக்கித் தரும். இல்லாவிட்டால் எல்லாத் துண்டும் பள்ளத்தாக்கின் கொழுத்த மண்ணில்தான் அமையும், மனித இயல்பு அப்படி. துண்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு மரத்தின் விட்டத்தையும் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அளந்து, சில மரங்களுக்கு உயரமும் எடுத்து, எப்போது கலைத்தார்கள் (நெருக்கம் குறையச் சில மரங்களை வெட்டுவது), எப்போது கிளை கழித்தார்கள் என்ற பதிவையும் சேர்த்து அனுப்பினால், அந்த நிறுவனத்துக்கென்றே தனி அட்டவணை தயாராகி வரும்.

பணம் இங்கேதான் மரத்தின் வடிவத்தையே மாற்றுகிறது. அறுவை மரத்துக்காக வளர்ப்பவர் ஹெக்டேருக்கு ஆயிரத்தை ஒட்டி நட்டு, சில ஆண்டில் பாதிக்கு மேல் கலைத்து, நிற்பதன் அடிக்கிளைகளைக் கழித்து, முடிச்சில்லாத தடி எடுப்பார். கார்பனுக்காக வளர்ப்பவருக்குக் கலைப்பது நஷ்டம்: வெட்டிப் போட்ட மரம் வரவிலிருந்து கழியும். அவர் கலைக்காமல், கழிக்காமல், நெருக்கமாகவே விட்டுவிடுவார். பத்தாண்டு கழித்து மனம் மாறி மரத்துக்கு வெட்டலாம் என்று வந்தால், முடிச்சு நிறைந்த ஒல்லித் தடிகளும் காற்றுக்குச் சாயும் காடும்தான் மிஞ்சும். எந்தக் கணக்கு வழியில் போகிறோம் என்பதை நட்ட முதல் சில ஆண்டுகளுக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

கணக்கு வழிகள் மூன்று. பழையது 'இருப்பு மாற்றக் கணக்கு'. வளர வளர முழு வரவு. வெட்டும் ஆண்டில் பெரும் பற்று. அடிக்கட்டையும் வேரும் பத்தாண்டில் மக்குவதாகக் கொண்டு மீதி பிறகு கழியும். வரைபடத்தில் ரம்பப் பல் போல ஏறி விழும். எளிமைக்காக ஒரு கற்பனைக் கணக்கு: 1,000 ஹெக்டேர், ஒரே ஆண்டில் நட்டது, வெட்டும் வயதில் ஹெக்டேருக்கு 800 அலகு. மொத்தம் 8 லட்சம் அலகு. அவ்வளவையும் சராசரி 25 டாலருக்கு விற்றால் 2 கோடி டாலர் கைக்கு வரும். வெட்டியதும் 5.5 லட்சம் அலகு திருப்ப வேண்டும் என்றும் அன்றைய விலை 75 டாலர் என்றும் வைத்துக்கொண்டால் வாங்க 4 கோடியே 12.5 லட்சம் டாலர் ஆகும். விற்றுச் செலவழித்த அலகு கைமாற்று வாங்கிய பணம் மாதிரி. வட்டியைச் சந்தை தீர்மானிக்கும். எல்லா வயதுக் காடும் சமமாக வைத்திருந்து ஆண்டுக்கு 28இல் ஒரு பங்கு மட்டும் வெட்டும் பெரிய நிறுவனத்துக்கு இந்த அடி உறைக்காது. ஒரு மூலையின் பற்றை மற்ற மூலைகளின் வளர்ச்சி ஈடுகட்டும். அடி வாங்குவது ஒரே வயதுக் காடு. 1990களின் நடவு அலையில், 1994இல் மட்டும் ஏறத்தாழ 98,000 ஹெக்டேர் புதுக்காடு போட்டார்கள். அந்தக் காடுகள் முதிர்வது இந்தப் பத்தாண்டில்தான்.

அதனால்தான் காட்டுத் துறை நீண்ட நாள் கேட்டு வாங்கியது 'சராசரிக் கணக்கு'. 2023 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் வெட்டுக் காடுகளுக்கு இதுதான். முதல் சுற்றில் ஒரு குறிப்பிட்ட வயது வரை மட்டும் வரவு: ரேடியாட்டாவுக்கு 16, டக்ளஸ் ஃபர் மரத்துக்கு 26, மற்ற அயல் ஊசியிலை மரங்களுக்கு 22, யூகலிப்டஸ் போன்ற அயல் வன்மரங்களுக்கு 12, உள்நாட்டு மரங்களுக்கு 23 ஆண்டு. அதன்பின் வரவும் இல்லை. வழக்கமான வயதில் வெட்டி மறுபடி நட்டால் பற்றும் இல்லை. மேலே சொன்ன 1,000 ஹெக்டேரில் 16ஆம் வயதில் ஹெக்டேருக்கு 400 என்று வைத்தால் 4 லட்சம் அலகு. விற்றால் விற்றதுதான், யாரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. வருமானம் பாதியானாலும் நிறுவனத்தின் நிதியாளர் நிம்மதியாகத் தூங்கலாம். வங்கிக்கும் இதுதான் பிடிக்கிறது. பிடிபடாமல் போவது ஒன்று: இரண்டாம் சுற்றுக்கு வரவே கிடையாது. முதல் சுற்று அலகை நம்பி நிலத்துக்கு அதிக விலை கொடுத்தவர், அடுத்த சுற்றில் மரத்தை மட்டும் நம்பி அதே நிலத்தில் பிழைக்க முடியுமா என்று பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது 'நிரந்தரக் காடு'. 50 ஆண்டுக்கு மொட்டையாக வெட்டக் கூடாது. வரவு வந்துகொண்டே இருக்கும். 50 முடிந்ததும் மூன்று வழி: இன்னொரு 25 ஆண்டு தொடரலாம், சராசரிக் கணக்குக்கு மாறி, கூடுதலாகப் பெற்றதைத் திருப்பலாம், அல்லது எல்லாவற்றையும் திருப்பிவிட்டு வெளியேறலாம். 2022 மார்ச்சில் அரசு, இந்த வகையில் அயல் மரங்களைச் சேர்க்க மாட்டோம் என்று முன்மொழிந்தது. பைனை நட்டுவிட்டு ஆள் நடமாட்டமே இல்லாமல் விட்டுப்போகும் முதலீட்டாளர்கள் மீதிருந்த கோபம் அதற்குக் காரணம். ஆனால் எதிர்ப்பின் முன்வரிசையில் வந்து நின்றவர்கள் மாவோரி நில உரிமையாளர்கள். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் செங்குத்தான, சாலைக்கு எட்டாத நிலம். வெட்டி இறக்கும் செலவுக்கே கட்டாது. அதில் நிரந்தரப் பைன் ஒன்றுதான் வருமானம். காலப்போக்கில் அதன் நிழலில் உள்நாட்டு மரம் வளர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். சில மாதத்தில் அரசு பின்வாங்கியது. பைன் உள்நாட்டுக் காடாக மாறுவது தானாக நடக்காது என்பதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. மேல்விதானத்தில் இடைவெளி திறக்க வேண்டும், விதை மரம் அருகில் இருக்க வேண்டும், மான், ஆடு, போசம் என்ற மரமேறும் விலங்கு ஆகியவற்றை ஆண்டாண்டாக அடக்க வேண்டும். செலவு பல பத்தாண்டுகளுக்கு நீளும். வரவு முன்னாலேயே வந்துபோயிருக்கும்.

அலகின் விலை என்ற ஒன்று இருக்கிறதே, அது தனிப் புராணம். தொடக்கத்தில் கியோட்டோ ஒப்பந்த அலகுகளை வெளிநாட்டிலிருந்து அளவில்லாமல் இறக்கலாம் என்று விட்டிருந்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து மலிவு அலகு வெள்ளமாக வந்தது. 2013இல் நியூசிலாந்து அலகு 2 டாலருக்குக் கீழே போனது. வெளிநாட்டு அலகு வெறும் சென்ட் கணக்கில். புத்திசாலிகள் என்ன செய்தார்கள்? காட்டைத் திட்டத்திலிருந்து விலக்கினார்கள். திருப்ப வேண்டிய கடனை மலிவு வெளிநாட்டு அலகால் தீர்த்தார்கள். தாம் பெற்றிருந்த உள்நாட்டு அலகைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு அதே காட்டை மறுபடி பதிவு செய்தார்கள். ஒரு மரமும் கூடவில்லை, குறையவில்லை. 2014 மே மாதம் பட்ஜெட் இரவில் அவசரச் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2015 ஜூன் முதல் வெளிநாட்டு அலகுக்கே தடை. அந்தச் சில ஆண்டுகளில் சட்டத்தின்படியே நடந்துகொண்ட நிறுவனங்களைக் குறை சொல்வது கடினம்; ஆனால் 'எங்களுக்கு நிலையான விதி வேண்டும்' என்று துறை இன்று கேட்கும்போது, அதிகாரிகளின் முகத்தில் தெரியும் தயக்கத்துக்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

2022 நவம்பரில் விலை 88 டாலரை ஒட்டிப் போனது. டிசம்பரில், அரசுக்கு ஆலோசனை சொல்லும் பருவநிலை மாற்ற ஆணையத்தின் விலைப் பரிந்துரைகளை அமைச்சரவை ஏற்கவில்லை; விலை இறங்கத் தொடங்கியது. 2023 ஜூனில், காட்டு அலகை உமிழ்வுக் குறைப்பிலிருந்து பிரிக்கலாமா என்று ஓர் ஆலோசனை ஏட்டை அரசு வெளியிட்டதும் 40 டாலருக்குக் கீழே சரிந்தது. வெறும் கேள்விதான், முடிவுகூட அல்ல. வழக்கறிஞர்களின் பருவநிலை அமைப்பு ஒன்று டிசம்பர் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போயிருந்தது. அரசு ஒப்புக்கொண்டு ஜூலையில் முடிவை மாற்றியது. அலகு விற்க அரசு அந்த ஆண்டில் நடத்திய நான்கு ஏலத்திலும் ஓர் அலகும் விற்கவில்லை. கன்று வளர்க்கும் நாற்றங்கால்களைக் கேட்டால் இதன் விளைவு புரியும்: கன்றுக்கு ஓராண்டு முன்னதாகவே ஆர்டர் கொடுக்க வேண்டும், நடவு ஜூன் முதல் குளிர்காலத்தில். விலை சரிந்த ஆண்டில் ஆர்டர் ரத்தானால் வளர்ந்து நிற்கும் கன்றை வைத்திருக்க முடியாது, அழித்துவிட வேண்டியதுதான்.

2025இல் வந்த திருத்தம் நிலத்தின் தரத்தைப் பிடித்தது. அந்நாட்டில் நிலத்தை 1 முதல் 8 வரை தரம் பிரித்திருக்கிறார்கள். 1 வளமான சமவெளி, 8 எதற்கும் உதவாத மலை. 1 முதல் 5 வரையிலான பண்ணை நிலத்தில் புதிதாக நடும் அயல் காடு திட்டத்தில் சேர முடியாது. 6ஆம் தர நிலத்துக்கு நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 15,000 ஹெக்டேர், அதுவும் குலுக்கல் முறையில். பண்ணையாளர் தம் நிலத்தில் 25 சதவீதம் வரை நட விலக்கு உண்டு. 7, 8க்குத் தடையில்லை. 2024 டிசம்பர் 4இல் அறிவிப்பு வந்தது. அதற்கு முன், 2021 தொடக்கத்திலிருந்து, நிலம் வாங்கியோ கன்றுக்கு ஆர்டர் கொடுத்தோ பணம் போட்டதை நிரூபித்தால் இடைக்கால விலக்கு. ஆகவே கார்பன் ஆலோசகரைவிட அதிகம் உதவியது கணக்காளரின் பழைய ரசீதுக் கட்டு. இந்த விதியில் நடைமுறைக் கோளாறு வரைபடத்தில் இருக்கிறது: தேசியத் தர வரைபடம் 1:50,000 அளவில் வரைந்தது. ஒரே பண்ணையில் 6க்கும் 7க்கும் நடுவே போகும் கோடு, தரையில் சரிவு மாறும் இடத்திலிருந்து நூறு மீட்டர் தள்ளிக்கூட விழும்.

பண்ணையாளர்களின் எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆடு மேய்ந்த மலைப் பண்ணை காடானால் பள்ளிக்கூடமும் கடையும் ஆளில்லாமல் போகின்றன. அதைவிட வலுவான குற்றச்சாட்டு ஆற்றில் மிதந்து வந்தது. 1988இல் போலா புயல் கிழக்குக் கரை மலைகளை வழித்துக்கொண்டு போனதும், மண்ணைப் பிடிக்க அங்கே பைன் நடவைத் தூண்டியது அரசுதான். அந்த மரங்கள் முதிர்ந்து வெட்டும் பருவத்தில், 2018 ஜூன் மழையிலும் 2023 பிப்ரவரி கேப்ரியல் புயலிலும், வெட்டிப் போட்ட கழிவுக் கட்டைகள் பாலங்களில் அடைத்துக் கடற்கரையில் குவிந்தன. மொட்டையாக வெட்டிய சரிவில் பழைய வேர் மக்கி, புதுக் கன்றின் வேர் இன்னும் பிடிக்காத ஐந்தாறு ஆண்டுதான் ஆபத்தான இடைவெளி. கனமழை அந்த இடைவெளியில் வந்தால் மண்ணும் கட்டையும் சேர்ந்தே இறங்கும். பருவநிலைச் சட்டம் மரத்தை டன்னில் எண்ணும்; சரிவில் கிடக்கும் கட்டையை எண்ணாது. 2023 நவம்பர் 3இல் நடைமுறைக்கு வந்த வணிகக் காட்டு விதிகள்தான் அதை எண்ணத் தொடங்கின: மண்ணரிப்பு ஆபத்து மிகுந்த நிலத்தில் 2 மீட்டருக்கு மேல் நீளமும் தடித்த முனையில் 10 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமும் உள்ள உறுதியான கட்டைகளை அகற்ற வேண்டும், ஹெக்டேருக்கு 15 கன மீட்டர் வரை விடலாம். கம்பிவடம் கட்டி இழுக்கும் செங்குத்துச் சரிவில் இது தொழிலாளியின் உயிரோடு விளையாட்டு என்பது நிறுவனங்களின் பதில். பாதுகாப்பில்லை என்றால் விலக்கும் உண்டு. அந்த விலக்கை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் பேச்சுக்கும் செயலுக்குமான தூரம் தெரியும்.

இத்தனையும் தெரிந்தால் மனு எழுதுவது சுலபம். குழுவின் முன் எடுபடாதது 'காடு நாட்டின் நுரையீரல்' வகை. எடுபடுவது இது: எங்கள் பதிவில் இத்தனை ஹெக்டேர், அதில் இத்தனை 6ஆம் தரம், பிரிவு இப்படியே போனால் இத்தனை ஹெக்டேர் நடவு நிற்கும், அதில் இத்தனை உண்மையில் மண்ணரிக்கும் சரிவு, பிரிவை இப்படி மாற்றினால் உங்கள் நோக்கமும் கெடாது. மாற்று வாசகத்தை எழுதியே கொடுக்க வேண்டும். துறைச் சங்கத்தின் பொது மனுவோடு நின்றால் போதாது. அதில் வெட்டுக் காட்டுக்காரரும் நிரந்தரக் காட்டுக்காரரும் ஒரே தாளில் கையெழுத்திடுவதால் யாருக்கும் வலிக்காத வாக்கியங்களே மிஞ்சும். அலகு விலை உயர வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. கூடுதல் காட்டு அலகு சந்தைக்கு வந்தால் அந்த விலையே விழும் என்பதையும், பெட்ரோல் எரிப்பதைக் குறைக்கும் கட்டாயம் தளரும் என்பதையும் ஆணையம் 2021 முதல் சொல்லி வருகிறது. அந்த வாதத்துக்கு நேராகப் பதில் எழுதாத மனுவை அதிகாரிகள் பாதியில் மூடிவிடுவார்கள்.

மனு முடிந்தாலும் கணக்கு நிற்பதில்லை. 2023 முதல் 2025 வரையிலான கட்டாய அறிக்கைக் காலத்துக்கான உமிழ்வு அறிக்கைக்கு 2026 ஜூன் 30 கெடு. அடுத்த காலம் 2026 முதல் 2030 வரை. களத் துண்டுகளை அளக்கும் குழு மிகச் சில. கெடு நெருங்கும் மாதங்களில் எல்லாரும் ஒரே குழுவைத்தான் கூப்பிடுவார்கள்.